நடுவர் சரியாகத்தான் செய்தார்

2010 உலகக் கிண்ணத்தில், ஐந்து நாள் இடைவெளியில், இரண்டு கோல்கள் காணாமல் போயின.

முதலாவது ஜூன் 27, புளூம்ஃபொன்டெய்ன் அரங்கில். ஜெர்மனிக்கு எதிராக இங்கிலாந்தின் ஃபிராங்க் லம்பார்ட் அடித்த பந்து மேல்கம்பத்தில் பட்டு, கோட்டைத் தாண்டி நன்றாகவே உள்ளே விழுந்து, மறுபடியும் வெளியே துள்ளியது. தொலைக்காட்சியில் பார்த்த எல்லோருக்கும் தெரிந்தது. நடுவர் ஹோர்ஹே லாரியோண்டாவுக்கும் அவருடைய துணை நடுவருக்கும் மட்டும் தெரியவில்லை. 2-2 ஆகியிருக்க வேண்டிய ஆட்டம் 4-1 என்று முடிந்தது. இரண்டு நாளில் ஃபிஃபா தலைவர் செப் பிளாட்டர் மன்னிப்புக் கேட்டார். 2012 ஜூலையில் கோல் கோட்டுத் தொழில்நுட்பத்துக்கு அனுமதி கிடைத்தது. இன்றைக்குப் பந்து கோட்டைத் தாண்டினால் நடுவரின் கைக்கடிகாரம் அதிர்ந்து சொல்லிவிடும்.

இரண்டாவது ஜூலை 2, ஜொஹன்னஸ்பர்க். கானாவும் உருகுவேயும் மோதிய காலிறுதி. கூடுதல் நேரத்தின் கடைசி நொடிகள், 1-1. கானாவுக்கு ஒரு ஃப்ரீ கிக். (அதையே கொடுத்திருக்கக்கூடாது என்று உருகுவே ரசிகர்கள் இன்னமும் சொல்வார்கள். அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை.) ஸ்டீபன் அப்பியா அடித்த பந்தைக் கோட்டில் நின்ற லூயிஸ் சுவாரெஸ் காலால் தடுத்தார். திரும்பி வந்ததை டொமினிக் அடியியா தலையால் முட்டினார். பந்து உள்ளே போகப் போகிறது. சுவாரெஸ் இரண்டு கைகளையும் தூக்கித் தட்டிவிட்டார். போர்ச்சுகல் நடுவர் ஒலேகாரியோ பென்கெரென்சா விசில் ஊதினார். சிவப்பு அட்டை, பினால்டி. அசாமோவா ஜியான் அடித்த பந்து மேல்கம்பத்தில் பட்டு மேலே போனது. வெளியேறும் வழியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த சுவாரெஸ் துள்ளிக் குதித்தார். பிறகு பினால்டி மோதலில் உருகுவே 4-2 என வென்றது. ஆப்பிரிக்க அணி ஒன்று முதன்முதலாக அரையிறுதிக்குப் போவது, பன்னிரண்டு ஆண்டு கழித்து மொரோக்கோ வரும்வரை தள்ளிப்போனது.

முதல் கோலுக்காகச் சட்டம் மாறியது. இரண்டாவதற்காக எதுவும் மாறவில்லை. ஏனென்றால் இரண்டாவதில் நடுவர் தப்பே செய்யவில்லை. பார்க்க வேண்டியதைப் பார்த்தார், கொடுக்க வேண்டியதைக் கொடுத்தார். அப்போது எனக்கு 13 வயது. இங்கே விடியற்காலை ஐந்து மணி இருக்கும். படிவம் ஒன்று படிக்கிற பையனுக்கு நியாய அநியாயத் தத்துவம் எல்லாம் தெரியாது. ஆனால் ஏதோ திருடு போய்விட்டது என்று தெரிந்தது, யாரைப் பிடிப்பது என்றுதான் தெரியவில்லை.

இப்போது நியாயம் என்று பேசினாலே வி.ஏ.ஆர். பற்றித்தான் பேசுகிறோம். பொறியியல் படித்தவன் என்பதால் எனக்கும் அதில் ஆசை உண்டு. 2022 கத்தார் உலகக் கிண்ணத்தில் அரங்கக் கூரையின் கீழே 12 கேமராக்கள் இருந்தன. ஒவ்வோர் ஆட்டக்காரரின் உடம்பிலும் 29 புள்ளிகளை நொடிக்கு 50 முறை பதிவு செய்தன. பந்துக்குள் இருந்த உணர்கருவி நொடிக்கு 500 முறை தகவல் அனுப்பியது. 2024 யூரோவில் டென்மார்க் ஜெர்மனிக்கு எதிராக அடித்த கோல், ஒருவரின் கால்விரல் முன்னால் இருந்தது என்று ரத்தானது. சில நிமிடங்களில், கோலை அடித்த அதே யோகிம் ஆண்டர்சனின் கையில் பந்து லேசாக உரசியதைப் பந்துக்குள் இருந்த கருவி காட்டிக்கொடுத்தது. ஜெர்மனிக்குப் பினால்டி. அளவெடுப்பில் குறையே சொல்ல முடியாது. ஆனால் இந்தக் கருவிகள் எல்லாம் ஒரே கேள்விக்குத்தான் பதில் தேடுகின்றன: என்ன நடந்தது? 2010-இல் ஜொஹன்னஸ்பர்க்கில் என்ன நடந்தது என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. வி.ஏ.ஆர். அன்று இருந்திருந்தாலும் அதே சிவப்பு அட்டை, அதே பினால்டி, அதே மேல்கம்பம்தான்.

மாமாக் கடையில் இதை எடுத்தால் நண்பர்களிடமிருந்து வருகிற பதில் எப்போதும் ஒன்றுதான். "சட்டப்படிதானே மச்சான் எல்லாம் நடந்துச்சு? ரெட் கார்டு குடுத்தாச்சு, பினால்டி குடுத்தாச்சு. அவனுங்களுக்கு அடிக்கத் தெரியலன்னா சுவாரெஸ் என்னா பண்ணுவான்?"

சுவாரெஸ் சொன்னதும் ஏறக்குறைய இதேதான். 2022-இல் அதே கானாவோடு மீண்டும் ஆட வேண்டி வந்தபோது, பத்திரிகையாளர் சந்திப்பில் மன்னிப்புக் கேட்க மறுத்தார். யாரையாவது காயப்படுத்தியிருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பேன். இதில் தண்டனையை வாங்கிக்கொண்டேன், பினால்டியைத் தவறவிட்டது நான் இல்லை என்பதுதான் அவர் பேச்சின் சாரம். இது பலவீனமான வாதம் இல்லை. அதனால்தான் இத்தனை வருடமாக என்னை உறுத்துகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கையை எடுக்காமல் இருந்திருந்தால் கோல். ஆட்டம் அத்தோடு முடிந்தது. உருகுவேயின் வாய்ப்பு பூஜ்யம். கையை எடுத்தால் பினால்டி. உயர்மட்டக் காற்பந்தில் நான்கு பினால்டிகளில் மூன்று, அல்லது கொஞ்சம் கூடுதலாக, உள்ளே போகும். மிச்சக் கால்வாசியில் ஆட்டம் பினால்டி மோதலுக்குப் போகும்; அங்கே பாதிக்குப் பாதி. ஆக, எட்டில் ஒரு பங்கு வாய்ப்பு. இதற்கு என்ன விலை? ஐந்தாவது நிமிடத்தில் வாங்குகிற சிவப்பு அட்டை, மிச்ச ஆட்டம் முழுக்கப் பத்துப் பேரோடு ஆடச் சொல்லும். 120-ஆவது நிமிடத்தில் வாங்கினால் அந்த ஆட்டத்தைப் பொறுத்தவரை அது கிட்டத்தட்ட இலவசம். பினால்டி மோதலில் சுவாரெஸ் அடிக்க முடியாது, அவ்வளவுதான். இல்லாத வாய்ப்பை எட்டில் ஒன்றாக்க இந்த விலை மலிவு. அந்த அரை நொடியில் சுவாரெஸ் கணக்குப் போட்டிருக்க மாட்டார். ஆனால் உட்கார்ந்து போட்டிருந்தாலும் இதே விடைதான் வந்திருக்கும்.

இந்தக் கணக்கு எனக்குப் பழக்கமானது. கட்டுமான ஒப்பந்தங்களில் எல்.ஏ.டி. என்று ஒன்று இருக்கும். வேலையைக் குறித்த தேதிக்குள் முடிக்காவிட்டால், தாமதமாகிற ஒவ்வொரு நாளுக்கும் குத்தகையாளர் இவ்வளவு ரிங்கிட் கட்ட வேண்டும் என்பது. படிக்கும்போது அதைத் தண்டனை என்றுதான் நினைத்திருந்தேன். வேலைக்கு வந்த பிறகு பார்த்தால், கூட்டங்களில் அது ஒரு செலவுக் கணக்காக இருக்கிறது. இந்த சைட்டில் எல்.ஏ.டி. நாளைக்கு ஐந்தாயிரம், அந்த சைட்டில் பதினைந்தாயிரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆள்களை அங்கே அனுப்பு, இங்கே தாமதமாகட்டும். சொன்ன சொல், வாக்கு என்பதெல்லாம் யார் வாயிலும் வராது. எவ்வளவு ஆகும் என்பது மட்டும்தான் கேள்வி.

யூரி நீஸியும் ஆல்டோ ருஸ்டிகினியும் 2000-ஆம் ஆண்டு வெளியிட்ட ஓர் ஆய்வு இதைப் பற்றியதுதான். இஸ்ரேலின் ஹைஃபா நகரத்தில் குழந்தைக் காப்பகங்களில், பிள்ளையை அழைத்துப் போகத் தாமதமாக வரும் பெற்றோருக்குச் சிறிய அபராதம் போட்டார்கள். தாமதம் குறையவில்லை, கூடியது. அதுவரை 'டீச்சரைக் காக்க வைக்கிறோமே' என்று கூச்சப்பட்டவர்கள், அபராதம் வந்ததும் 'காசு கட்டுகிறோம் இல்ல?' என்று நிம்மதியாகிவிட்டார்கள். அபராதத்தை நீக்கிய பிறகும் பழைய கூச்சம் திரும்ப வரவில்லை. போக்குவரத்துச் சம்மனுக்கு எப்போது கழிவு வரும் என்று காத்திருந்து கட்டிப் பழகிய நமக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

சுவாரெஸும் என் நண்பர்களும் அந்தப் பெற்றோரின் இடத்தில்தான் நிற்கிறார்கள். 'விலை கட்டியாச்சு.' சரி, ஒரு பேச்சுக்கு ஒத்துக்கொள்வோம். விலை கட்டியாச்சு என்றால், யாரிடம் கட்டினார்?

சிவப்பு அட்டைக்காக சுவாரெஸ் அடுத்த ஆட்டத்தில் இறங்க முடியவில்லை. அந்த அரையிறுதியில் நெதர்லாந்து 3-2 என்று வென்றது. சுவாரெஸ் இல்லாத உருகுவேயோடு ஆடுகிற வசதி நெதர்லாந்துக்குக் கிடைத்தது. கானாவின் பொருள் பறிபோனது. இழப்பீடு, இதில் சம்பந்தமே இல்லாத நெதர்லாந்தின் கணக்கில் போய்ச் சேர்ந்தது. எல்.ஏ.டி. இந்த விஷயத்தில் எவ்வளவோ மேல். குத்தகையாளர் கட்டுகிற பணம், தாமதத்தால் நஷ்டப்பட்ட உரிமையாளரிடம்தான் போகிறது.

இது ஒரு முறை நடந்த விபத்து இல்லை, ஒழுங்கு நடவடிக்கையின் அமைப்பே இப்படி. 2014-இல் அதே சுவாரெஸ் இத்தாலியின் ஜார்ஜோ கியெல்லினியின் தோளைக் கடித்தார். நடுவர் பார்க்கவில்லை. உருகுவே 1-0 என வென்றது, இத்தாலி வீட்டுக்குப் போனது. ஃபிஃபா பிறகு ஒளிப்பதிவைப் பார்த்து, ஒன்பது அனைத்துலக ஆட்டங்களுக்கும், நான்கு மாதம் எல்லாக் காற்பந்து நடவடிக்கைகளுக்கும் தடை போட்டது. அந்தத் தடையால் பயனடைந்தது யார்? அடுத்த சுற்றில் சுவாரெஸ் இல்லாத உருகுவேயை 2-0 என வென்ற கொலம்பியா. இத்தாலிக்கு ஒன்றும் இல்லை.

இரண்டு தண்டனைகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தோளில் பல் பதிந்ததற்கு ஒன்பது ஆட்டம், நான்கு மாதம். ஒரு கண்டத்தின் அரையிறுதியைக் கையால் தட்டிவிட்டதற்கு ஓர் ஆட்டம். உடம்பைக் காயப்படுத்தினால்தான் மன்னிப்பு என்று சுவாரெஸ் சொன்னபோது, ஃபிஃபாவின் தராசு எதை எடை போடுகிறதோ அதைத்தான் சொன்னார். ஆட்டத்துக்கு ஏற்படுகிற காயத்துக்கு அந்தத் தராசில் படிக்கல்லே இல்லை.

இந்த இடத்தில் எனக்குப் பலராமன் ஞாபகம் வருகிறார். கதாயுதப் போரில் நாபிக்குக் கீழே அடிக்கக்கூடாது என்பது விதி. பீமன் துரியோதனனின் தொடையில் அடித்தான். ஒளித்து மறைத்து இல்லை, எல்லோருக்கும் முன்னால். இருவருக்கும் கதை கற்றுக்கொடுத்த பலராமன் கலப்பையைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தார். கண்ணன் பிடித்து நிறுத்தி நியாயம் சொன்னான்: பீமனின் சபதம், திரௌபதிக்கு நடந்த அவமானம், பழைய கணக்கு. எல்லாம் உண்மைதான். ஆனாலும் பலராமன் சமாதானம் ஆகவில்லை. பீமன் வஞ்சகமாகப் போரிட்டவன் என்றுதான் உலகத்தில் பேசப்படுவான் என்று சொல்லிவிட்டுத் துவாரகைக்குக் கிளம்பிவிட்டார். யார் ஜெயிக்கத் தகுதியானவர் என்று அவர் கேட்கவில்லை. ஜெயித்ததை மாற்றவும் அவரால் முடியவில்லை. நடந்ததற்கு ஒரு பெயர் வைத்தார். காற்பந்தில் அந்தப் பெயர்கூட மிஞ்சுவதில்லை. உருகுவேயில் சுவாரெஸ் நாட்டைக் காப்பாற்றியவர், கானாவில் சாத்தான். இரண்டுக்கும் நடுவில் நின்று சொல்ல ஆள் இல்லை.

நடுவில் நிற்க வேண்டியவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதற்கு 2020 ஜனவரி ஓர் உதாரணம். ஜெட்டாவில் ஸ்பானிய சூப்பர் கிண்ண இறுதி. 115-ஆவது நிமிடம். அட்லெட்டிகோவின் மொராட்டா தனியாகக் கோலை நோக்கி ஓடுகிறார். ரியல் மாட்ரிட்டின் வால்வெர்டே பின்னாலிருந்து காலை வாரிவிட்டார். பந்தைத் தொடும் எண்ணமே இல்லை. சிவப்பு அட்டை. ரியல் பினால்டியில் வென்றது. ஆட்ட நாயகன் விருது யாருக்கு? வால்வெர்டேக்கு. வெளியேற்றப்பட்ட ஆட்டக்காரருக்கே பரிசு! தோற்ற அணியின் பயிற்றுநர் சிமியோனேயும் அவரைத் தட்டிக்கொடுத்து அனுப்பினார்.

பாதிக்கப்பட்டவரே தட்டிக்கொடுக்கிறார், அப்புறம் உனக்கு என்ன என்று கேட்கலாம். சிமியோனேவும் அதே சந்தையில் கடை வைத்திருப்பவர் என்பதுதான் என் பதில். நாளைக்கு அவருடைய ஆட்டக்காரரும் அதே விலைக்கு அதே சரக்கை வாங்குவார். வியாபாரிகளுக்குள் மனஸ்தாபம் இருக்காது. பார்க்க வந்தவர்கள்தான் வேறு எதையோ நம்பி வருகிறார்கள்.

நேர்மையாகப் பேசினால் இதற்கு ஓர் எதிர்க்கேள்வி உண்டு. 2002 அரையிறுதியில் ஜெர்மனியின் மிக்கேல் பல்லாக், தென்கொரியாவின் எதிர்த்தாக்குதலை நிறுத்த வேண்டுமென்றே ஒரு தவறைச் செய்து மஞ்சள் அட்டை வாங்கினார். அத்தோடு இறுதி ஆட்டம் அவருக்கு இல்லை. சில நிமிடங்களில் அவரே கோல் அடித்து அணியை அந்த இறுதிக்கு அனுப்பினார். நாங்கள் எல்லாம் அதைத் தியாகம் என்றே கேட்டு வளர்ந்தோம். பல்லாக் செய்தால் தியாகம், சுவாரெஸ் செய்தால் திருட்டா? ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். இரண்டுக்கும் இடையில் சுவர் எதுவும் இல்லை, படிக்கட்டுதான் இருக்கிறது. பல்லாக் தடுத்தது ஒரு வாய்ப்பை. அந்தத் தாக்குதல் கோலாகியிருக்குமா என்று யாருக்கும் தெரியாது. சுவாரெஸ் தடுத்தது வாய்ப்பை இல்லை, கோலையே. வாய்ப்பைப் பறித்தால் வாய்ப்பைத் திருப்பிக் கொடுப்பது நியாயம். ஃப்ரீ கிக்கும் பினால்டியும் அதைத்தான் செய்கின்றன. கோலைப் பறித்துவிட்டு வாய்ப்பைத் திருப்பிக் கொடுப்பது, நூறு ரிங்கிட்டைத் திருடியவனிடம் நூறு ரிங்கிட் மதிப்புள்ள லாட்டரிச் சீட்டை வாங்கிக் கொடுத்துச் சமாதானம் பண்ணுகிற மாதிரி.

அப்படியென்றால் கோலையே கொடுத்துவிட வேண்டியதுதானே? ரக்பியில் கொடுக்கிறார்கள். தவறு நடந்திராவிட்டால் டிரை விழுந்திருக்கும் என்று நடுவர் முடிவு செய்தால், பினால்டி டிரை என்று முழுப் புள்ளியும் கிடைக்கும். கூடைப்பந்தில், வளையத்தை நோக்கிக் கீழே இறங்கத் தொடங்கிய பந்தைத் தடுப்பவர் தட்டிவிட்டால் அது விழுந்ததாகவே கணக்கு. காற்பந்தில் இதை எதிர்ப்பவர்கள் சொல்லும் காரணம், நடக்காததை நடுவர் எப்படித் தீர்மானிப்பது என்பது. கிரிக்கெட் பார்க்கிற வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். எல்.பி.டபிள்யூ. என்றாலே காலில் படாமல் இருந்திருந்தால் பந்து எங்கே போயிருக்கும் என்ற கேள்விதான். மனிதக் கண்ணை நம்பி அதை ஒரு நூற்றாண்டுக்கு மேல் தீர்ப்பாகச் சொல்லியிருக்கிறார்கள். இப்போது கணினி பாதை வரைந்து காட்டுகிறது. பந்துக்குள் நொடிக்கு 500 முறை பேசுகிற கருவியை வைத்துக்கொண்டு, இரண்டடி தூரத்தில் கோட்டை நோக்கிப் போன பந்து உள்ளே போயிருக்குமா என்று சொல்ல முடியாதா? முடியும். கால்விரல் நுனிக்குச் செலவழிக்கிற அறிவில் கொஞ்சம் போதும்.

கோல் காவலர் அல்லாத ஒருவர், உள்ளே போய்க்கொண்டிருந்த பந்தை வேண்டுமென்றே கையால் தடுத்தால் கோல் என்று அறிவிக்கலாம். அதற்கு மேல் சிவப்பு அட்டைகூட வேண்டாம் என்பது என் கட்சி, மஞ்சள் போதும். வாங்குவதற்கு ஒன்றும் இல்லாத கடைக்கு யாரும் போக மாட்டார்கள். இதைச் சொன்னபோது ஒரு நண்பன் கேட்டான்: "சரி பாஸ், ஹரிமாவ் மலாயா ஆடுது. நம்ம ஆளு கோட்டுல நிக்கிறான். கடைசி நிமிசம். கைய எடுக்கட்டுமா, வேண்டாமா?" எடுக்கட்டும் என்றுதான் கத்துவேன் என்று சொன்னேன். அவன் ஜெயித்த மாதிரி சிரித்தான். ஆனால் என் பிள்ளை திருடிக்கொண்டு வந்தால் நான் அவனைக் காட்டிக்கொடுப்பேனா என்பது வேறு கேள்வி, திருட்டுப் பொருளை யார் வைத்துக்கொள்வது என்பது வேறு கேள்வி. முதல் கேள்வியை எந்தச் சட்டமும் தீர்க்க வேண்டியதில்லை. இரண்டாவதைத் தீர்க்கத்தான் சட்டம்.

கடைசியாக ஒன்று. விலை பற்றியே பேசிக்கொண்டிருந்ததில் அந்த இரவில் அதிகம் கட்டியவரை விட்டுவிட்டோம். கை வைத்தது சுவாரெஸ். ஆனால் பந்தைப் பினால்டி புள்ளியில் வைத்த நொடியிலிருந்து, எல்லாப் பாரமும் ஜியானின் தலைக்கு மாறியது. ஒரு கண்டம் பார்த்துக்கொண்டிருக்கிறது. திருடு போனதை மீட்டுக்கொடுக்கும் பொறுப்பு திருட்டுக் கொடுத்தவனுக்கு. கம்பத்தில் பட்டதும் கதையே மாறிவிட்டது. 'சுவாரெஸ் தடுத்தான்' என்பதைவிட 'ஜியான் தவறவிட்டான்' என்பதுதான் சொல்ல எளிதாக இருந்தது. சுவாரெஸே அதைச் சொன்னார். 2022-இல் மீண்டும் மோதியபோதும் கானாவுக்கு ஒரு பினால்டி கிடைத்தது, ஆண்ட்ரே அய்யூ அடித்ததைக் கோல் காவலர் தடுத்துவிட்டார். உருகுவே 2-0 என வென்றும் கோல் கணக்கில் பின்தங்கி வெளியேறியது. மாற்று ஆட்டக்காரர்களின் இருக்கையில் சுவாரெஸ் அழுதுகொண்டிருந்ததைப் பார்த்துக் கானா ரசிகர்கள் மகிழ்ந்தார்கள். அவர்களும்தான் வெளியேறியிருந்தார்கள்.

2010-இல் கம்பத்தில் அடித்த சில நிமிடங்களில் பினால்டி மோதல் தொடங்கியது. யார் முதலில் அடிப்பது என்று கானா அணி முடிவு செய்ய வேண்டும். இப்போதுதான் தவறவிட்டவரை யாரும் அனுப்பத் துணிய மாட்டார்கள். ஜியான் நடந்து வந்தார். அதே கோல்கம்பம் அளவு, அதே பன்னிரண்டு கெஜம். உயரமாகவே அடித்தார். உள்ளே போனது.